ஒழுங்கைக்கு எந்த மென்பொருள்? மின்வலைக் கணிப்புக் கருவிகள் பற்றி ஓர் ஒப்பீடு

கொக்குவிலிலோ உரும்பிராயிலோ ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். ரான்ஸ்போமரிலிருந்து 600 மீற்றர் தள்ளி, கடைசிப் போஸ்டடியில் ஒரு வீடு. கூரையில் 5 கிலோவாற் சோலர், ஒற்றைப் பேஸ் இணைப்பு. போஸ்டுகளில் ஓடுவது பழைய 'ஃப்ளை' வகை அலுமினியக் கம்பி. அதன் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.45 ஓம். நண்பகல் வேளை. வீட்டில் எவரும் இல்லை. கூரை தருகிற வலு முழுவதும் தெருக்கம்பியில் ஏறுகிறது. 5000 வாற்றை 230ஆல் வகுத்தால் ஓட்டம் 21.7 அம்பியர். பேஸ் கம்பியின் தடை 0.27 ஓம், நியூட்ரலும் அதே கம்பியென்றால் இன்னொரு 0.27. ஆக 0.54 ஓமில் 21.7 அம்பியர் ஓடும்போது அந்த வீட்டில் வோல்ற்றளவு 11.7 வோல்ற் ஏறிவிடும்.

இப்போது அதே 5 கிலோவாற் மூன்று பேஸிலும் சமமாகப் பகிரப்பட்டதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். பேஸுக்கு 7.25 அம்பியர். நியூட்ரலில் ஓட்டமே இல்லை. ஏற்றம் 2 வோல்ற்றைக்கூடத் தொடாது.

ஆறு மடங்கு வித்தியாசம். நம் நாட்டில் வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 230 வோல்ற்றுக்கு மேலும் கீழும் 6%, அதாவது 216.2 முதல் 243.8 வரை. ரான்ஸ்போமரடியில் 236 வோல்ற் இருந்தால் முதற் கணக்கின்படி கடைசி வீட்டில் ஏறத்தாழ 248. இன்வேட்டர் தானாக நின்றுவிடக்கூடிய அளவு. இரண்டாம் கணக்கின்படி 238. ஒரு குறையும் இல்லை. எந்த மென்பொருளைக் கற்பது, எதற்குக் காசு கொடுப்பது என்று கேட்கிற இளம் பொறியியலாளர்களையும் சோலர் பூட்டும் சிறு நிறுவனத்தாரையும் முதலில் இந்தக் கணக்கைத்தான் கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். போட்டு முடித்தால் பாதித் தெரிவு அங்கேயே முடிந்துவிடும். தனிப் பேஸைத் தனியாகப் பார்க்கத் தெரியாத கருவி யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு உதவாது.

அந்த அளவுகோலில் முதலில் கழன்றுபோவது மாட்பவர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1990களில் பிறந்த, பாடப்புத்தகம்போல் தெளிவான, இலவசமான கருவி. மாட்லாப்பிலும் ஓடும், மாட்லாப் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஆக்டேவிலும் ஓடும். நியூட்டன் முறைச் சுமைப் பாய்ச்சல் (வலையில் எங்கே எவ்வளவு வலு ஓடும், எங்கே என்ன வோல்ற்றளவு என்ற கணிப்பு) என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் எங்கள் பொறியியற் பீடத்தில் படிக்கிற பிள்ளை ஒருவர் கேட்டால் முதலில் இதைத் திறந்து பார்க்கவே சொல்வேன். ஆனால் அதன் அடிப்படைக் கணிப்பு மூன்று பேஸும் சமம் என்ற உலகத்தில் நடக்கிறது. அந்த உலகம் 132 ஆயிரம் வோல்ற் கோபுரத்தில் உண்டு, ஒழுங்கைக்குள் இல்லை.

ஒழுங்கைக்கு என்று நான் கைகாட்டுவது ஓப்பன்டிஎஸ்எஸ். 1997இல் எலெக்ட்ரோடெக் என்ற அமெரிக்க நிறுவனத்தில் தொடங்கி, பின்னர் அங்குள்ள மின்வலு ஆய்வு நிறுவனமான எப்ரியின் கைக்கு வந்து, 2008இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. பகிர்வுக் கம்பிகளுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு பேஸோ, இரண்டோ, நான்கு கம்பியோ, எதையும் அப்படியே எழுதலாம். ஒரு நாளையோ ஒரு வருடத்தையோ பதினைந்து நிமிடத் துண்டுகளாக ஓட்டிப் பார்க்கலாம். பழைய மடிக்கணினியே போதும். முகப்பு அழகில்லை என்பார்கள், உண்மைதான். படம் வரைந்து இழுத்து விடுகிற வேலை இல்லை. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு வீட்டையும் ஒரு வரியாகத் தட்டச்சுச் செய்யவேண்டும். என் பார்வையில் அது குறையல்ல. எழுதும்போதே, இந்த வீடு எந்தப் பேஸில் தொங்குகிறது என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியாகவேண்டும். படம் வரையும் மென்பொருள் அந்தக் கேள்வியை நாகரிகமாக மறைத்துவிடும்.

ஆனால் இதை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது சில இடங்களில் கால் தடுக்கும். அவற்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் தவறான விடையைத் தரக்கூடியவை இவை.

முதலாவது மீடிறன். எழுதியவர்கள் அமெரிக்கர்கள், அடிப்படை மீடிறன் 60 ஹேட்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு 50. தொடக்கத்திலேயே மாற்றாவிட்டால் கம்பிகளின் தாக்குதிறன் (ரியாக்டன்ஸ்) பிழையாகும். இரண்டாவது, ஒற்றைப் பேஸ் வீட்டின் வோல்ற்றளவு. அதை 0.23 கிலோவோல்ற் என்று கொடுக்கவேண்டும். ரான்ஸ்போமர் 400 வோல்ற்தானே என்று 0.4 என எழுதிவிட்டால் அந்த வீடு வோல்ற்றளவு மிகக் குறைந்த இடத்தில் இருப்பதாக மென்பொருள் எண்ணிக்கொண்டு, உண்மையான சுமையில் மூன்றிலொரு பங்களவே எடுக்கும். ஒழுங்கை முழுவதும் இப்படி எழுதப்பட்டால் இழப்பே இல்லாத அற்புதமான வலையமைப்பு ஒன்று கிடைக்கும்.

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. சுமை நிலையான வலுவை எடுப்பதாக நீங்கள் எழுதினாலும், வோல்ற்றளவு 0.95 மடங்குக்குக் கீழே விழுந்தால் ஓப்பன்டிஎஸ்எஸ் அந்தச் சுமையைச் சாதாரணத் தடைபோல் கருதத் தொடங்கும். கணிப்பு முறிந்துபோகாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே 1.05 மடங்கிலும் அதே கதை. நம்முடைய சட்ட எல்லையோ 6%. ஆகவே நாம் அக்கறையோடு பார்க்கவேண்டிய விளிம்பில்தான், 218.5 வோல்ற்றுக்குக் கீழே, மாதிரி சத்தமில்லாமல் குணம் மாறுகிறது. தோட்டக் கிணறுகளில் மோட்டார்கள் ஒன்றாக ஓடுகிற ஒரு பின்னேரத்தைக் கணித்தால், கடைசிக் கம்பத்தில் உண்மையில் இருப்பதைவிட நல்ல எண் வரலாம். இரண்டு எல்லைகளையும் 0.85, 1.15 என்று விரித்துவிட்டு ஓட்டுங்கள்.

நான்காவது நியூட்ரல். மூன்று கம்பியாக மட்டும் எழுதினால் நியூட்ரல் கணக்குக்குள் கரைந்துவிடும். நான்கு கம்பியாக எழுதி, வீட்டை பேஸுக்கும் நான்காம் கம்பிக்கும் இடையில் தொங்கவிட்டால், அயல் வீட்டில் நடப்பதும் தெரியும். மேலே சொன்ன உதாரணத்தில் சோலர் இருக்கும் பேஸில் 11.7 வோல்ற் ஏறும்போது, நியூட்ரல் இடம்பெயர்வதால் மற்ற இரண்டு பேஸ்களிலும் ஏறத்தாழ 3 வோல்ற் இறங்கும். பக்கத்து வளவுக்காரர் 'அவர்கள் சோலர் போட்டதிலிருந்து எங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது' என்றால் சிரித்துவிடாதீர்கள்.

இதே நான்கு கம்பி மாதிரியை வைத்து இன்னொரு விடயத்தையும் பார்த்துவிடலாம். வோல்ற்றளவுப் பிரச்சினை என்றதும் 'பழைய கம்பியைக் கழற்றிவிட்டு ஏபிசி கட்டுக்கம்பி (உறையிட்டு ஒன்றாக முறுக்கிய கம்பிகள்) போடுங்கள்' என்பது வழமையான பதில். நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஏபிசியில் பேஸ் கம்பி 70 சதுர மில்லிமீற்றர், கிலோமீற்றருக்கு 0.443 ஓம். 'ஃப்ளை' கம்பியிலிருந்து பெரிய மாற்றமில்லை. அதன் நியூட்ரலோ 54.6 சதுர மில்லிமீற்றர் உலோகக் கலவை, 0.63 ஓம். ஆகவே அதே 600 மீற்றரில் அதே 5 கிலோவாற் ஏற்றினால் வோல்ற்றளவு 14 வோல்ற் ஏறும், முன்பைவிடக் கூட. ஏபிசி கெட்டதென்று சொல்லவரவில்லை. தென்னோலை விழுந்தால் பொறி பறக்காது. தாக்குதிறன் குறைவென்பதால் மோட்டார் தொடங்கும்போது வரும் வீழ்ச்சியையும் குறைக்கும். சோலர் ஏற்றத்துக்குத்தான் அது மருந்தல்ல. வீட்டின் சேவைக் கம்பியைப் போஸ்டில் வேறொரு பேஸுக்கு மாற்றிக் கட்டுவது, ரான்ஸ்போமரின் வெளியீட்டு வோல்ற்றளவைத் தீர்மானிக்கும் தட்டுநிலையை ஒரு படி இறக்குவது, இன்வேட்டரில் வோல்ற்றளவுக்கேற்ப வலுவைக் குறைக்கும் அமைப்பை இயக்குவது ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்து எது மலிவு என்று சொல்வதே மென்பொருளின் வேலை. தட்டுநிலையை இறக்கினால் இரவு 7 மணிக்கு யார் வீட்டில் விளக்கு மங்கும் என்பதையும் அதே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: ஒரே ஒரு வீடு என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். மேலே செய்த கணக்கை எக்செலில் ஒரு வரியாக எழுதினால் போதும். பத்து வீட்டில் சோலர், நாலு கிணற்று மோட்டார், இடையில் இரண்டு கிளை ஒழுங்கைகள், 24 மணி நேரமும் மாறும் சுமை என்று வரும்போதுதான் எக்செல் கைவிரிக்கும்.

அடுத்தது பாண்டாபவர். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகமும் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய பைதன் நூலகம், இலவசம். ஐரோப்பியர் செய்தது என்பதால் 50 ஹேட்ஸ், 400 வோல்ற் எல்லாம் பிறவியிலேயே இருக்கின்றன. பைதன் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு வார இறுதிக்குள் பிடிபட்டுவிடும். சோலரை எந்தெந்தக் கூரையில் வைத்தால் என்ன ஆகும் என்று ஆயிரம் விதமாக மாற்றி ஓட்டுவதற்கு ஓப்பன்டிஎஸ்எஸ்ஸைவிட இதில் கை இலகுவாக ஓடும். மூன்று பேஸ் சமனற்ற கணிப்பும் உண்டு. ஆனால் அது வரிசைக் கூறுகள் (சமனற்ற மூன்று பேஸைச் சமநிலைத் தொகுதிகளாகப் பிரிக்கும் கணித முறை) வழியே நடப்பதால் நியூட்ரலைத் தனிக் கம்பியாகத் தொட்டுப் பார்க்க முடியாது. பூச்சிய வரிசைத் தடையை நீங்களே சரியாகக் கணித்துக் கொடுக்கவேண்டும். கூடவே வரும் கம்பிப் பட்டியல் ஐரோப்பியக் கேபிள்களையும் கம்பிகளையும் நினைத்துத் தயாரித்தது. நம்முடைய 'ஃப்ளை', 'வாஸ்ப்', 'ரக்கூன்' கம்பிகளை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். ரான்ஸ்போமர்களுக்கு மின்னைக் கொண்டுவரும் 33 ஆயிரம் வோல்ற் பீடருக்கு நான் பாண்டாபவரையே எடுப்பேன். 400 வோல்ற் ஒழுங்கைக்கு ஓப்பன்டிஎஸ்எஸ். ஓப்பன்டிஎஸ்எஸ்ஸையும் பைதனிலிருந்து இயக்கலாம் என்பதால், ஒன்றைக் கற்றவர் மற்றதைத் தொலைத்துவிடுவதில்லை.

காசு கொடுத்து வாங்குபவற்றில் இங்கே அடிக்கடி கேட்கும் பெயர்கள் இரண்டு: அமெரிக்காவின் ஈடாப், ஜெர்மனியின் பவர்ஃபேக்டரி. இரண்டும் நல்லவை. சுமைப் பாய்ச்சல், குறுஞ்சுற்று, பாதுகாப்பு ரிலேக்களின் ஒத்திசைவு, ஹார்மொனிக்ஸ், இயங்குநிலை எல்லாம் ஒரே கூரைக்குள். ஈடாப் தொழிற்சாலை, வைத்தியசாலை, பெரிய ஹோட்டல் போன்ற உள்வலைகளுக்குப் பொருந்தும். ரிலே வளைகோடுகளின் நூலகம் ஒன்றே அதன் விலைக்கு நியாயம் சொல்லும். பவர்ஃபேக்டரி காற்றாலை, பெரிய சோலர் பண்ணை, பற்றரி பக்கம் பலம். விலையைப் பட்டியலில் காண முடியாது. கேட்டால் உங்கள் தேவையை விசாரித்து, டொலரிலோ யூரோவிலோ சொல்வார்கள். 2022இல் ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு வருடாந்தச் சந்தா என்றால் வயிற்றைக் கலக்கும். அதற்காக உடைத்த பிரதியில் வேலை செய்துவிட்டு அறிக்கையில் அந்த மென்பொருளின் பெயரைப் போடுகிறவர்களும் உண்டு. உரிமம் எங்கே என்று எதிர்ப்பக்கம் ஒரு முறை கேட்டால் அறிக்கை முழுவதும் பயனற்றுப்போகும். மூன்று பேர் வேலை செய்யும் சோலர் நிறுவனம் இவற்றை வாங்கத் தேவையில்லை என்பது என் முடிவு. தேவைப்படும் திட்டம் வந்தால், உரிமம் வைத்திருக்கும் ஆலோசனை நிறுவனத்திடம் அந்த ஆய்வை மட்டும் கொடுத்துச் செய்விப்பது மலிவு.

தேசிய கடத்தல் வலையைத் திட்டமிட மின்சார சபை பயன்படுத்தி வந்திருப்பது பிஎஸ்எஸ்இ. கடத்தல் திட்டமிடல் வேலையில் சேர விரும்புகிறவர்கள் அதைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீட்டில் வைத்துப் பழக வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன கணிப்புகள் பெரும்பாலும் நிலைத்துநிற்கும் வலையைப் பற்றியவை. வலை ஆடி விழும் கணத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லமாட்டா. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது. குரங்கு கேலிச்சித்திரங்களுக்குப் போய்விட்டது. விடயம் தெரிந்தவர்கள் பார்த்தது வேறு. விடுமுறை நாள், சுமை குறைவு, கூரைச் சோலரின் பங்கு மிக அதிகம், சுழலும் யந்திரங்கள் குறைவு, அதனால் வலையின் சடத்துவம் (மீடிறனைச் சட்டென்று மாறவிடாமல் பிடித்துவைக்கும் தன்மை) குறைவு. அப்படிப்பட்ட வலையில் ஒரு தடுமாற்றம் வந்தால் மீடிறன் மிக விரைவாகச் சரியும். அந்தச் சரிவில் மேலும் யந்திரங்கள் கழன்றுகொள்ளும். அதே வருடம் ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டதும் இந்தப் பயத்தினால்தான்.

இதைக் கணினியில் பார்க்க இயங்குநிலை மாதிரி வேண்டும். பிஎஸ்எஸ்இ, பவர்ஃபேக்டரி இரண்டிலும் முடியும். இலவசமாக வேண்டுமென்றால் பைதனில் எழுதப்பட்ட ஆண்டிஸ் இருக்கிறது; இறுதி வருட ஆய்வுக்கு ஏற்றது. வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரும் 132 ஆயிரம் வோல்ற் வழியின் நுனியில் குடாநாடு தொங்குகிறது. சுன்னாகத்தில் 24 மெகாவாற் உத்துரு ஜனனி எண்ணெய் மின்நிலையம், பளையில் தலா 10 மெகாவாற்றில் இரண்டு காற்றாலைத் திட்டங்கள். அந்த வழி அறுந்தால் குடாநாடு தனித்து எத்தனை விநாடி தாங்கும் என்பது எந்த இறுதி வருட மாணவருக்கும் கிடைக்கக்கூடிய அருமையான கேள்வி. யுத்த காலத்தில் தேசிய வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு டீசல் யந்திரங்களை நம்பிக் கிடந்த ஊர் என்பதால் எங்களுக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வியும் அல்ல.

இன்னும் நுண்ணிய மட்டம் ஒன்று உண்டு: மின்காந்த நிலைமாற்றம். கனடாவின் மனிற்றோபாவில் நெல்சன் ஆற்று நேரோட்டக் கடத்தலுக்காக 1970களில் பிறந்த கணிப்புநிரலின் மேல் எழுந்த பிஎஸ்கேட் அங்கே ராஜா. இடி விழுவது, கேபிளைத் திறந்து மூடுவது, பலவீனமான வலையில் இன்வேட்டர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது எல்லாம் அதன் பாடு. சிமுலிங்க்கிலும் ஓரளவு செய்யலாம். பெரிய காற்றாலைத் திட்டத்தில் வேலை செய்யாதவர்கள் இப்போதைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம்.

தீவுகளுக்கு வருவோம். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது: சோலர் 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், பற்றரி 2,400 கிலோவாற்மணி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல். இப்படி ஒரு கலவையை எந்த அளவில் வைப்பது என்று கேட்டால் உலகம் முழுவதும் எடுப்பது ஹோமர். அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க வலுசக்தி ஆய்வுகூடத்தில் பிறந்து, இப்போது காசுக்கு விற்கப்படுகிறது. வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக ஓட்டி, எத்தனை தகடு, எத்தனை பற்றரி என்றால் ஒரு அலகின் விலை மிகக் குறையும் என்று சொல்லும். ஆனால் ஹோமருக்குக் கம்பி தெரியாது. அதன் கண்ணில் நெடுந்தீவு ஒரு புள்ளி. இறங்குதுறையடியில் பிறப்பாக்கி, மறுகரையில் வீடு என்ற தூரம் அதில் இல்லை. ஆகவே தீவுக்கு ஹோமரா ஓப்பன்டிஎஸ்எஸ்ஸா என்று கேட்பதில் பொருளில்லை. ஹோமர் தரும் அளவுகளை எடுத்து ஓப்பன்டிஎஸ்எஸ்ஸில் கம்பியோடு ஓட்டவேண்டும். டீசல் நிற்கும் இரவில் பற்றரி இன்வேட்டர் தனியே வலையைப் பிடித்துநிற்குமா என்பதற்கு இரண்டும் போதாது. அங்கே இயங்குநிலைக் கருவி வேண்டும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்குத் தீனி வேண்டும், அது இங்கே ஆயத்தமாகக் கிடைக்காது. ஒழுங்கையில் நடந்து போஸ்ட் போஸ்டாக எழுதவேண்டும்: போஸ்ட் இலக்கம், இடைத்தூரம், கம்பி வகை, எந்த வீட்டுச் சேவைக் கம்பி எந்தப் பேஸில் கட்டப்பட்டிருக்கிறது. கீழிருந்து பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கம்பிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஓடுகிற இடத்தில் மேலிருந்து எண்ணுங்கள், கட்டுக்கம்பியாக இருந்தால் சபையின் ஊழியரைத்தான் கேட்கவேண்டும். தெரிந்த ஒரு வீட்டில் வோல்ற்றளவைப் பதியும் சிறு கருவியை ஒரு வாரம் மாட்டிவைத்தால், உங்கள் மாதிரி சொல்வதும் மெய்யாக நடப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம். ஞாயிறு நண்பகலும், மோட்டார்கள் ஓடும் ஒரு வேலைநாள் பின்னேரமும் அந்த வாரத்துக்குள் கட்டாயம் வரவேண்டும். போஸ்டில் நீங்கள் ஏறாதீர்கள்; அது சபைக்காரரின் வேலை.

மாணவர் என்றால் மாட்பவரில் தொடங்கி ஓப்பன்டிஎஸ்எஸ்ஸுக்குப் போகட்டும். சடத்துவத்தில் ஆர்வமிருந்தால் ஆண்டிஸ். சிறு சோலர் நிறுவனம் என்றால் ஓப்பன்டிஎஸ்எஸ் ஒன்றே போதும், அதோடு பைதன் தெரிந்த ஒருவர். தனியார் ஆலோசகராக 33 ஆயிரம் வோல்ற்றில் இணையும் சோலர் பண்ணைகளுக்கு ஆய்வு செய்ய எண்ணியிருப்பவர் மட்டும் பவர்ஃபேக்டரி அளவிலான கருவிக்குப் பணம் ஒதுக்கலாம். அவரும் உரிமத்துக்குக் கையொப்பமிடுமுன், இணைப்பு அனுமதி தரும் அலுவலகம் எந்த மென்பொருளின் கோப்பை ஏற்கும், எந்தப் பதிப்பை ஏற்கும், இன்வேட்டர் தயாரிப்பாளர் அந்த மென்பொருளுக்கான மாதிரிக் கோப்பைத் தருவாரா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளட்டும்.